மதகு திறக்கும் கை காலநிலை மாதிரியில் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘2050க்குள் காவிரி டெல்டாவில் நெல் விளைச்சல் இத்தனை சதவீதம் குறையும்’, ‘காவிரியில் நீர்வரத்து இத்தனை சதவீதம் கூடும்’ என்ற வகைச் செய்திகள் தமிழ் நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. காலநிலை மாதிரிகள், பயிர் மாதிரிகள் என்று காலநிலையையும் பயிர் வளர்ச்சியையும் கணக்காகப் போட்டுக் காட்டும் நிரல்களைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பதும் பாசன நீர்க் கணக்குப் போடுவதும் எங்கள் வேலை. அந்த எண்கள் பொய் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால் அவற்றைக் கணக்கிட்ட கணினிக்குள் மேட்டூர் அணை எந்தத் தேதியில் திறந்தது, யார் முடிவெடுத்துத் திறந்தார்கள் என்ற கேள்வி எந்தச் செய்தியிலும் எழுவதில்லை. கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில்: அந்தக் கணினிக்குள் மேட்டூரே கிடையாது, இருந்தாலும் அதைத் திறக்க ஆள் கிடையாது.

இது எவ்வளவு பெரிய ஓட்டை என்பதற்கு 2024ஆம் ஆண்டே போதும். பாசனத்துக்கு வழக்கமாக அணை திறக்கும் ஜூன் 12 அன்று அணையில் போதிய நீர் இல்லை; நீர்மட்டம் 45 அடிக்கும் கீழே. குறுவைக்குத் திறக்கவில்லை. ஜூலை நடுவில் 50 அடியை ஒட்டிக் கிடந்த அணை, குடகிலும் வயநாட்டிலும் கொட்டிய மழையால் ஜூலை 30ல் முழு அளவான 120 அடியைத் தொட்டது. ஜூலை 28ல்தான் பாசனத்துக்குத் திறந்தார்கள். அடுத்த சில நாள்களில் ஒரு லட்சம் கன அடிக்கும் மேல் உபரி நீர் கொள்ளிடம் வழியே கடலுக்குப் போனது. பாசன ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால், உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தமிழகத்துக்கு வகுத்த 177.25 டி.எம்.சி.யைவிட அதிகமாகவே மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவைக் கடந்து வந்திருக்கிறது. மழையையும் ஆற்றோட்டத்தையும் மட்டும் பார்க்கும் மாதிரிக்கு 2024 நல்ல ஆண்டு. ஆழ்குழாய் இல்லாத டெல்டா விவசாயிக்கு அது குறுவை போன ஆண்டு. இரண்டுக்கும் நடுவில் இருப்பது மழை அளவு அன்று, ஒரு தேதி. அந்தத் தேதியை இயற்பியல் சமன்பாடு தராது. சில மனிதர்கள் கூடிப் பேசி முடிவு செய்கிறார்கள்.

இப்போதுள்ள மாதிரிகளில் மனிதன் எந்த வடிவில் இருக்கிறான் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். உலகின் ஆய்வு மையங்கள் ஒரே நிபந்தனைகளில் மாதிரிகளை ஓட்டி ஒப்பிடும் திட்டத்தின் ஆறாவது சுற்றில் (சிமிப்-6) மனிதச் செயல்பாடு முன்கூட்டியே எழுதப்பட்ட கோப்பாக உள்ளே போகிறது. ‘எஸ்.எஸ்.பி.’ என்ற ஐந்து எதிர்காலக் கதைகள், அவற்றுக்கேற்ற கரியமில வாயு, மீத்தேன், தூசுப்படலம், நிலப்பயன்பாடு எல்லாம் 2100 வரை ஆண்டுவாரியாகத் தயார். மாதிரி அதைப் படித்துக்கொண்டே போகும். நடுவில் பத்து ஆண்டு வறட்சி வந்தாலும் கோப்பில் உள்ள நெல் வயல் நெல் வயலாகவே இருக்கும். அந்தக் கதைகளை எழுதும் பொருளாதார–எரிசக்தி மாதிரிகளில் பலவற்றில் இந்தியா முழுவதும் ஒரே வட்டாரம். காலப் படி 5 ஆண்டு, 10 ஆண்டு. சிலவற்றில் முடிவெடுப்பவர் 2100 வரையிலான விலைகளை இன்றே அறிந்த சர்வஞானி. அப்படி ஒருவரை நாங்கள் தஞ்சாவூர் நெல் கொள்முதல் நிலையத்தில் இதுவரை கண்டதில்லை.

புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் புவி அமைப்பு மாதிரி, சிமிப்-6ல் கலந்துகொண்ட முதல் இந்திய மாதிரி. பெருமைக்குரிய வேலை. ஆனால் வளிமண்டலத்தைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் அந்த மாதிரியில் கட்டம் ஒன்றின் பக்கம் சுமார் 200 கிலோமீட்டர். திருச்சி முதல் நாகப்பட்டினம் வரை, கொஞ்சம் கடலையும் சேர்த்து, ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். அதில் மதகைத் தேடுவது நியாயமில்லை. உலக சராசரி வெப்பநிலையைக் கணிக்க அது தேவையும் இல்லை. சிக்கல் அதற்கு அடுத்த படியில். அந்தப் பெரிய மாதிரியின் மழையை எடுத்து, நுணுக்கி, மண் ஈரத்தைக் கணக்கிடும் நில மாதிரிக்கும் பயிர் மாதிரிக்கும் ஊட்டி, மாவட்ட வாரியாக விளைச்சல் எண் எடுக்கிறோமே, அந்தப் படியில் மனிதன் வந்தாக வேண்டும்.

நில மாதிரிகளில் பாசனம் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. அமெரிக்காவின் தேசிய வளிமண்டல ஆய்வு மையத்தை ஒட்டி உருவான சி.எல்.எம். மாதிரியின் ஐந்தாம் பதிப்பைப் பாருங்கள். உலகில் மிக அதிகமாகப் பயன்படுபவற்றில் ஒன்று. எங்களுக்கும் மதிப்பு உண்டு. பாசன வயல் என்று குறித்த இடத்தில் தினமும் காலை 6 மணிக்கு மண் ஈரத்தைப் பார்க்கும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போயிருந்தால் பற்றாக்குறையைக் கணக்கிட்டு, அடுத்த நான்கு மணி நேரத்துக்கு ஒரே சீராக நீர் விடும். முறைப்பாசனம் கிடையாது, மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்ற கவலை கிடையாது. வேர் கேட்டால் நீர் வரும். ஆற்றில் போதிய நீர் இல்லாவிட்டால்? அதற்கு இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். ஒன்று, பாசனத் தேவையைக் குறைத்துக்கொள்வது. மற்றது, குறைகிற நீரைக் கடல் மாதிரியிலிருந்து எடுத்துக்கொள்வது. நீர்ச் சமநிலைக் கணக்கு உடையாமல் இருக்கச் செய்த ஏற்பாடுதான் அது. ஆனாலும் வேதாரண்யம் கடைமடைக்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். மாவட்ட அளவில் ஆய்வு செய்யும் யாரும் இந்த ஒரு தேர்வு எந்த நிலையில் இருக்கிறது என்று ஓட்டத்துக்கு முன் பார்க்க வேண்டும். கடலிலிருந்து எடுக்க விட்டிருந்தால் வறட்சி ஆண்டிலும் சம்பா செழிப்பாக விளைந்து, ‘டெல்டா தாக்குப்பிடிக்கும்’ என்ற முடிவு வரும்.

அதே மாதிரியில் நடவுத் தேதியை வெப்பநிலை வரம்பும் காலச் சாளரமும் தீர்மானிக்கின்றன. ஒரு நிலத்தில் ஆண்டுக்கு ஒரு பயிர். குறுவை, தாளடி என்ற இருபோகம் அதற்குத் தெரியாது. வேறு சில பயிர் ஆய்வுகள் 2000ஆம் ஆண்டை ஒட்டித் தொகுத்த உலகப் பயிர் நாட்காட்டியை எடுத்துக்கொள்கின்றன. அதில் இருபோகம் உண்டு, ஆனால் தேதி உறைந்துபோனது. மேட்டூர் பாசனத்துக்குத் திறந்த நாள்களை வரிசையாகப் பாருங்கள்: 2012ல் செப்டம்பர் 17, 2013ல் ஆகஸ்ட் 2, 2014ல் ஆகஸ்ட் 15, 2015ல் ஆகஸ்ட் 9, 2016ல் செப்டம்பர் 20, 2017ல் அக்டோபர் 2, 2018ல் ஜூலை 19, 2019ல் ஆகஸ்ட் 13. பிறகு 2020, 2021ல் ஜூன் 12. 2022ல் மே 24க்கே திறந்தார்கள். 2023ல் மீண்டும் ஜூன் 12. ஒரே அணை, ஒரே ஆறு. மிக முந்திய தேதிக்கும் மிகப் பிந்திய தேதிக்கும் நான்கு மாதத்துக்கும் மேல் இடைவெளி. உறைந்த நாட்காட்டியில் வரும் பிழைக்கு முன்னால் மழைக் கணிப்பின் பிழை ஒன்றுமில்லை.

அணைகளுக்கென்று பொது விதிகளும் இருக்கின்றன. ஜப்பானிய நீரியல் ஆய்வாளர் ஹனசாகியும் உடன் பணியாற்றியவர்களும் 2006ல் தந்த விதி பல உலக நீரியல் மாதிரிகளில் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. அதன் சாரம் இது: மாத சராசரி நீர்வரத்து ஆண்டு சராசரிக்குக் கீழே இறங்கும் மாதத்தில் அணையின் இயக்க ஆண்டு தொடங்குகிறது; அன்றைய இருப்பைக் கொள்ளளவின் 85 சதவீதத்தால் வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கும்; ஆண்டு முழுவதும் வெளியேற்றத்தை அந்த விகிதத்தால் பெருக்கு. விவரம் தெரியாத ஆயிரக்கணக்கான அணைகளுக்கு இது நல்ல விதி. மேட்டூருக்குப் போட்டால் என்ன ஆகிறது? கொள்ளளவு 93.47 டி.எம்.சி.; அதில் 85 சதவீதம் சுமார் 79.4. நீர்வரத்து சராசரிக்குக் கீழே இறங்குவது ஆண்டின் கடைசி மாதங்களில். ஆக, மாதிரி மழைக்காலம் முடிந்த கையிருப்பை வைத்து அடுத்த ஆண்டு முழுவதையும் தீர்மானிக்கிறது. நம் நடைமுறை நேர்மாறு. பாசன ஆண்டு ஜூனில் பிறக்கிறது. அப்போது கையில் இருப்பது குறைவு, வர வேண்டியதை நம்பித்தான் திறப்பு. ஜனவரி 28ல் மூடல். பொது விதி ஜூன் 12ஐயும் அறியாது, ஜனவரி 28ஐயும் அறியாது. பிப்ரவரியில் வறண்டு கிடக்க வேண்டிய வாய்க்காலில் நீர் ஓடிக்கொண்டிருக்கும்.

மேட்டூருக்கென்று ஒரு விதி எழுதுவது அவ்வளவு கடினமில்லை. நீர்மட்டம் 90 அடி, அதாவது இருப்பு சுமார் 52 டி.எம்.சி. இருந்து, தென்மேற்குப் பருவமழை நன்றாக இருக்கும் என்ற எதிர்பார்ப்பும் இருந்தால் ஜூன் 12ல் திறப்பு என்பது டெல்டாவில் எல்லாரும் அறிந்த அனுபவக் கணக்கு. ஒரு நாளைக்கு 1 டி.எம்.சி. என்றால் விநாடிக்கு 11,574 கன அடி. 15,000 கன அடி திறந்தால் நாளைக்கு 1.3 டி.எம்.சி. போகும். வரத்தே இல்லை என்றால் 52 டி.எம்.சி. நாற்பது நாளைத் தாண்டாது. அதிலும் குடிநீருக்கு ஒரு பகுதியைத் தொடக் கூடாது. குறுவை வயலில் நிற்பதோ தொண்ணூறு நாள். ஆக ஜூன் 12 முடிவு என்பது ஜூலையில் கர்நாடகத்திலிருந்து நீர் வரும் என்று கட்டும் பந்தயம்.

அந்த இடத்தில் இரண்டாவது முடிவெடுப்பவராகக் கர்நாடகம் வருகிறது. கபினி சிறிய அணை, 19.52 டி.எம்.சி.; வயநாட்டு மழையில் விரைவில் நிரம்பி வழியும். கிருஷ்ணராஜ சாகர் 49.45 டி.எம்.சி.; அது நிரம்பும் வரை அங்கே பிடித்து வைக்கவே பார்ப்பார்கள். மாதப் பங்கீடு எழுத்தில் இருக்கிறது: ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76, அக்டோபரில் 20.22 டி.எம்.சி. என்று இறங்கிப் போகும். இதை அப்படியே மாதிரியில் எழுதி, ‘கர்நாடகம் மாதா மாதம் இவ்வளவு தரும்’ என்று வைப்பதுதான் நாங்கள் பார்க்கும் மிகப் பொதுவான தவறு. நல்ல ஆண்டில் மிகை நீர் தானாக வருகிறது. பற்றாக்குறை ஆண்டில், 2023ல் பார்த்தபடி, காவிரி நீர் மேலாண்மை ஆணையம் பதினைந்து நாளுக்கு ஒரு முறை கன அடிக் கணக்கில் உத்தரவிட வேண்டியிருக்கிறது. அந்த எண் மழைப் பற்றாக்குறையோடு போராட்டங்களையும் சார்ந்தது. எனவே விதியில் மூன்று நிலை வேண்டும்: மேல் அணைகள் நிரம்பி வழியும் நிலை, நிரம்பிக்கொண்டிருக்கும் நிலை, பற்றாக்குறை நிலை. மூன்றாவதில் ஒற்றை எண் கொடுக்காதீர்கள். ஒரு வரம்புக்குள் பல மதிப்புகளைக் கொடுத்து நூறு முறை ஓட்டுங்கள். வெளியே வரும் விடை ஒற்றைக் கோடாக இல்லாமல் அகலமான பட்டையாக இருக்கும். அந்த அகலம்தான் உண்மை.

அணை திறந்ததோடு வேலை முடிவதில்லை. நீர் மேட்டூரிலிருந்து கல்லணை சேர மூன்று நான்கு நாள். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து கடைமடைக்குப் போய்ச் சேரும் நாள் வாய்க்காலின் நிலையையும் மேல்மடைக்காரர்களையும் பொறுத்தது. ஒவ்வொரு விவசாயியும் தனித்தனியாகத் தீர்மானிக்கிறார்: நாற்றங்கால் விடுவதா, சமுதாய நாற்றங்காலில் வாங்குவதா, புழுதி விதைப்பு போட்டு மழையை நம்புவதா, 155 நாள் சி.ஆர். 1009 போடுவதா, தாமதமாகிவிட்டது என்று 135 நாள் ரகத்துக்கு இறங்குவதா. இதில் பயிர்க் காப்பீட்டின் கடைசி நாளும் பேசும், கொள்முதல் நிலையம் எப்போது திறக்கும் என்பதும் பேசும், ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லைத் தள்ளிவிடுவார்களே என்ற பயமும் பேசும். சம்பா தள்ளிப்போனால் அறுவடையும் தள்ளிப்போகும். 2023 பிப்ரவரி தொடக்கத்தில் பெய்த பருவம் தவறிய மழையில் சாய்ந்தவை அறுவடைக்கு நின்ற சம்பா வயல்கள். பயிர் மாதிரி அந்த இழப்பைக் காட்ட வேண்டுமென்றால் அதற்கு மழை மட்டும் தெரிந்தால் போதாது. அன்று கதிர் எந்தப் பருவத்தில் இருந்தது என்று தெரிய வேண்டும்.

விவசாயிகளின் இந்த முடிவுகளை எப்படி அளப்பது? வீடு வீடாகக் கேள்வித்தாள் கொண்டுபோவது ஒரு வழி. நாங்கள் பரிந்துரைப்பது ரேடார் செயற்கைக்கோள். ஐரோப்பாவின் சென்டினல்-1 படங்கள் 2014 இறுதியிலிருந்து இலவசமாகக் கிடைக்கின்றன. மேகத்தை ஊடுருவும், ஒரு செயற்கைக்கோள் 12 நாளுக்கு ஒரு முறை அதே இடத்தைப் பார்க்கும். உழுது நீர் கட்டிய வயலிலிருந்து ரேடார் எதிரொலி சட்டென்று விழும். பயிர் தூர் கட்ட ஏறும். விழுந்து ஏறும் அந்தத் திருப்பத்தை வைத்து வயல் வாரியாக நடவு வாரத்தைக் குறிக்கலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பயிர்க் காப்பீட்டுக்காக ரேடார் படங்களில் நெல்லை ஏற்கெனவே கணித்து வருகிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. நடவு வாரம் கிடைத்ததும், ‘இதுவரை நடாத வயல் இந்த வாரம் நடப்படும் வாய்ப்பு எவ்வளவு’ என்ற கேள்வியாக மாற்றுங்கள். அதை விளக்கும் காரணிகளாக அணை திறந்து எத்தனை நாள், கல்லணையிலிருந்து வாய்க்கால் வழி எத்தனை கிலோமீட்டர், அந்தக் கிராமத்தில் ஆழ்குழாய் எவ்வளவு, சென்ற ஆண்டு என்ன ஆயிற்று என்ற நான்கும் முதல் சுற்றுக்குப் போதும். பத்து காரணிகளைக் கொட்டினால் பொருத்தம் அழகாக வரும், கணிப்பு கெடும்.

எங்கே தடுமாறும் என்பதையும் சொல்ல வேண்டும். புழுதி விதைப்பில் நீர் கட்டும் கட்டமே இல்லை. ரேடார் அதைத் தவற விடும். நவம்பர் மழையில் மூழ்கிய வயலும் புதிதாக நீர் கட்டிய வயலும் படத்தில் ஒன்று போலத் தெரியும். நாகப்பட்டினம் பக்கம் இறால் குட்டைகளை முதலிலேயே வரைபடத்திலிருந்து வெட்டி எடுக்காவிட்டால் அவையும் நெல்லாகிவிடும். இவற்றைவிட மோசமான பொறி சோதனை முறையில் இருக்கிறது. ரேடார் கிடைக்கும் ஆண்டுகளில் 2015 முதல் 2019 வரை ஐந்தும் தாமதத் திறப்பு. 2020 முதல் 2023 வரை நான்கும் உரிய நாளிலோ அதற்கு முன்போ திறப்பு. எல்லா வயல்களையும் குலுக்கிப் போட்டு, எண்பது சதவீதத்தில் பயிற்சி, இருபதில் சோதனை என்று செய்தால், ஒவ்வோர் ஆண்டின் வயல்களும் இரண்டு பக்கமும் இருக்கும்; மாதிரி ஆண்டை மனப்பாடம் செய்துவிட்டு 95 மதிப்பெண் வாங்கும். ஆண்டை முழுதாக ஒதுக்கிச் சோதிக்க வேண்டும். எங்கள் கருத்தில் 2022ஐயும் 2024ஐயும் தொடவே கூடாது. ஒன்று மிக முந்திய திறப்பு, மற்றது உரிய நாள்களின் வரிசையை முறித்த தாமதம். இந்த இரண்டிலும் தேறாத விதியை 2050க்கு அனுப்புவது வீண்.

மீத்தேன் கணக்கிலும் இதே கதை. வயலை அவ்வப்போது காயவிட்டு நீர் பாய்ச்சும் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ முறைக்கு மாறினால் நெல் வயல் மீத்தேன் பாதியாகும் என்று திட்ட அறிக்கைகள் சொல்கின்றன. பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழு 2019ல் திருத்திய வழிகாட்டியில், தெற்காசிய வயலுக்கு அடிப்படை அளவு ஹெக்டேருக்கு நாளைக்கு 0.85 கிலோ. வயலில் 90 நாள் நிற்கும் குறுவைக்கு 76 கிலோ. ஒரு முறை காயவிட்டால் 0.71ஆல் பெருக்க வேண்டும், பலமுறை காயவிட்டால் 0.55ஆல்; 42 கிலோவுக்கு இறங்கும். காயவிடும்போது இன்னொரு பசுமைக்குடில் வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு கூடும். அதைக் கழித்த பிறகும் லாபம்தான். செய்முறையும் எளிது. ஒரு சாண் அகலத்துக்கும் குறைவான, 30 செ.மீ. நீளப் பிளாஸ்டிக் குழாயின் கீழ்ப்பாதியில் துளைகள் போட்டு, அந்தப் பகுதி மண்ணுக்குள் போகும்படி வயலில் இறக்கி, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். குழாய்க்குள் நீர் மண்மட்டத்திலிருந்து 15 செ.மீ. கீழே போனதும் பாய்ச்ச வேண்டும், 5 செ.மீ. உயரத்துக்கு. பூக்கும் நேரத்தில் மட்டும் காயவிடக் கூடாது.

ஆனால் யார் காயவிடுவார்? வாய்க்கால் பாசனக்காரருக்கு அடுத்த முறை நீர் எப்போது வரும் என்று உறுதியில்லை. வந்த அன்றைக்கு வரப்பு கொள்ளும் மட்டும் நிரப்பி வைப்பதுதான் அவருக்குப் புத்திசாலித்தனம். ஆழ்குழாய் உள்ளவருக்கு மின்சாரம் இலவசம். நீரைச் சேமித்தாலும் பையில் ஒரு ரூபாய் மிஞ்சாது, காயவிட்டால் களை கூடி ஆள் கூலிதான் ஏறும். இருவரும் காயவிடமாட்டார்கள், எதிரெதிர் காரணங்களுக்காக. எனவே மாதிரியில் ‘2035க்குள் 40 சதவீத விவசாயிகள் ஏற்பார்கள்’ என்று ஒரு நேர்க்கோடு வரைந்து 0.55ஆல் பெருக்குவது கணக்கே ஆகாது. ஏற்பு விகிதத்தை முறைநீர் எத்தனை நாள் பிந்துகிறது என்பதோடு கட்டிப்போடுங்கள். முறை தவறாமல் ஏழு நாளுக்கு ஒரு முறை நீர் வரும் வாய்க்காலில், விழிப்புணர்வுக் கூட்டம் எதுவும் இல்லாமலே வயல் தானாகக் காயும்.

மனித முடிவு வளிமண்டலத்தையே மாற்றுமா என்று கேட்பவர்களுக்கு வட இந்தியாவைக் காட்டலாம். நீர் நிற்கும் வயலிலிருந்து நாளைக்கு 5 மி.மீ. ஆவியானால் சதுர மீட்டருக்கு சராசரியாக 142 வாட் ஆற்றல் காற்றைச் சூடாக்காமல் ஆவியோடு போகிறது. கங்கைச் சமவெளி அளவுக்கு இது பரவினால் நிலம் குளிர்ந்து, பருவக்காற்றை இழுக்கும் நில–கடல் வெப்ப வேறுபாடு குறைகிறது. மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2019ல் வெளியிட்ட மாதிரி ஓட்டங்களில், வயலில் உண்மையில் நடப்பது போலவே, தேவைக்கு மீறிய நெல் பாசனத்தைச் சேர்த்தபோது செப்டம்பர் மழை வடமேற்கு நோக்கி நகர்ந்தது. பாசனத்தை ‘மண் ஈரம் குறைந்தால் நிரப்பு’ என்று எழுதுவதும், ‘மின்சாரம் இலவசம், ஆகவே நிரப்பு’ என்று எழுதுவதும் வேறு வேறு பருவமழையைத் தருகின்றன.

பஞ்சாபின் 2009ஆம் ஆண்டு நிலத்தடி நீர்ப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் துல்லியமான பாடம். ஜூன் 10க்கு முன் நெல் நடக் கூடாது என்றார்கள். பிறகு அந்தத் தேதியை ஜூன் 15க்கும் 2018ல் ஜூன் 20க்கும் தள்ளினார்கள். கோடை வெயிலில் நீர் வீணாகாது என்ற காரணம் சரியானது. நடவு தள்ள, அறுவடை தள்ள, கோதுமை விதைக்க அவகாசம் சுருங்க, வைக்கோல் எரிப்பு காற்று அடங்கிய நவம்பர் நாள்களில் குவிந்தது. அந்தப் புகை டெல்லிக்குப் போகிறது. நிலத்தடி நீருக்காக எழுதிய ஒரு தேதி, காற்றின் தரத்தில் போய் விழுந்ததை எந்த உமிழ்வுக் கோப்பும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நீர், பயிர், எரிப்பு, காற்று நான்கையும் ஒரே ஓட்டத்தில் கட்டியிருந்தால் 2009லேயே தெரிந்திருக்கும் என்பது எங்கள் கருத்து.

வயல் தன் பங்குக்கு வளிமண்டலத்தையும் மாற்றும் இந்த இருவழிக் கட்டு காவிரிக்குத் தேவையில்லை. நல்ல ஆண்டில் 5 லட்சம் ஏக்கரை ஒட்டிய குறுவை என்றால் சுமார் 2,000 சதுர கிலோமீட்டர். உள்ளூர் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் தொடும், பருவமழையைத் திருப்பாது. மழை, அணை, வாய்க்கால், விவசாயி, பயிர், மீத்தேன் என்று ஒரு திசையில் கட்டினால் போதும். ஒரு சாதாரண மேசைக் கணினியில் ஓடும். மீஉயர் கணினி இல்லை என்று காத்திருக்கக் காரணமில்லை.

மனித நடத்தையைச் சேர்த்தால் ஊகம் கூடும் என்று அனுபவமுள்ள இயற்பியலாளர்களே சொல்வதுண்டு. உண்மைதான், பட்டை அகலமாகும். அமெரிக்க ஆய்வுக் குழு ஒன்று 2018ல் எளிய காலநிலை மாதிரியோடு மக்களின் இடர் உணர்வையும் நடத்தை மாற்றத்தையும் இணைத்தபோது, 4.9 டிகிரி என்று ஒற்றையாக வந்த 2100ஆம் ஆண்டு வெப்பநிலை உயர்வு 3.4 முதல் 6.2 டிகிரி வரை விரிந்தது. ஆனால் சேர்க்காமல் விடுவதும் ஊகம்தான். ‘யாரும் எதையும் மாற்றமாட்டார்கள்’ என்ற ஊகம் அது. அதற்கு மட்டும் பட்டை போடாமல் ஒற்றைக் கோடாக அச்சிடுகிறோம். நாங்கள் எதிர்ப்பது வேறொன்றை: சில ஆய்வுகள் ஆயிரக்கணக்கான கற்பனை விவசாயிகளை உருவாக்கி, ஒவ்வொருவருக்கும் ‘இடர் ஏற்கும் மனப்பான்மை’ என்று ஓர் எண் கொடுத்து, கடைசியில் விளைச்சல் கோட்டோடு பொருந்தும் வரை அந்த எண்ணைத் திருகுகின்றன. முற்றிலும் வேறான இரண்டு விதிகள் அதே விளைச்சல் கோட்டைத் தரும். விளைச்சலோடு மட்டும் பொருத்திப் பார்த்தால் எது சரி என்று தெரியாது. நடவுத் தேதி, வாய்க்கால் நீர், நிலத்தடி நீர்மட்டம் மூன்றோடும் தனித்தனியாகப் பொருந்த வேண்டும்.

இங்கேதான் அரசிடமும் உங்கள் நாளிதழிடமும் வேண்டுகோள். அணையின் நீர்மட்டம் தினமும் உங்கள் பத்திரிகையில் வருகிறது; நன்றி. தெரிய வேண்டியது அதற்குக் கீழே. வாய்க்கால் தொடங்கும் தலைப்பு மதகுகளில் லஸ்கர்கள் (மதகை இயக்கும் பணியாளர்கள்) குறிக்கும் அளவுகளும், வேளாண் துறை வாரா வாரம் சேர்க்கும் சாகுபடிப் பரப்பும் ஒன்றிய வாரியாக, கணினி நேரடியாகப் படிக்கும் அட்டவணையாகப் பொதுவில் வர வேண்டும். ஸ்கேன் செய்த பக்கம் உதவாது. மதகுக்கு விலை உயர்ந்த கருவி எதுவும் கேட்கவில்லை. தேதி, நேரம், மதகின் பெயர், மேல்புற நீர்மட்டம், கீழ்ப்புற நீர்மட்டம், பலகை திறந்த உயரம் என்று ஆறு நெடுவரிசை போதும். 10 அடி அகலப் பலகையை ஓர் அடி தூக்கி, இரண்டு பக்க நீர்மட்ட வேறுபாடும் ஓர் அடியாக இருந்தால், திறப்புப் பரப்பை அந்த வேறுபாடு தரும் நீரின் வேகத்தாலும் 0.6 என்ற குணகத்தாலும் பெருக்கினால் விநாடிக்குச் சுமார் 48 கன அடி என்று வந்துவிடும். கீழ்ப்புற மட்டத்தைக் குறிக்காமல் விடுவதுதான் வழக்கமான குறை. நீரில் மூழ்கி ஓடும் மதகில் அது இல்லாவிட்டால் மற்ற ஐந்தும் பயன்படாது. பழைய நோட்டுகள் கரையான் அரிப்பதற்குள் 2012 முதல் உள்ளவற்றையாவது தட்டச்சு செய்து வைக்க வேண்டும். அந்த எட்டுத் தாமத ஆண்டுகளில் நீரை எப்படிப் பங்கிட்டார்கள் என்பதற்கு வேறு சாட்சி இல்லை.

இனி ‘2050ல் டெல்டா’ என்று செய்தி வரும்போது, உங்கள் செய்தியாளர் ஆய்வாளரிடம் கூடுதலாக ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: உங்கள் ஓட்டத்தில் மேட்டூர் எந்தத் தேதியில் திறந்தது? பதிலையும் செய்தியோடு அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
பாசன நீரியல், பயிர் மாதிரித் துறைகளில் பணிபுரிவோர் இருவர்,
தஞ்சாவூர்.